செலவு: ஆலைப் பேருந்தும் தமிழ்ப் புனைகதைத் திறனாய்வும்

ஆய்வுச்சுருக்கம்

பணிக்குச் சென்று திரும்பும் அன்றாடப் பயணத்தைத் தமிழ்ப் புனைகதை நெடுங்காலமாக எழுதி வந்துள்ளது. திறனாய்வு அதனைப் பெரும்பாலும் ‘நகர வாழ்வு’, ‘அந்நியமாதல்’ ஆகிய தலைப்புகளுக்குள் அடக்கியே வாசித்திருக்கிறது. பயணக் கட்டணத்தைச் செலுத்துபவர் யார், பயண நேரம் யாருக்கு உரியது என்னும் இரு வினாக்களை முன்வைத்தால் அதே கதைகள் வேறு பொருள் தருகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். புதுமைப்பித்தன், ஜெயகாந்தன், அசோகமித்திரன் ஆகியோரின் கதைகள் ஓசூரை அடுத்த பாகலூரின் ஆலைப் பேருந்துப் பயணத்தோடு ஒப்புநோக்கி இங்கு வாசிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செலவு, பணிப்பயணம், ஆலைப் பேருந்து, அந்நியமாதல், பாகலூர், புதுமைப்பித்தன், ஜெயகாந்தன்

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் வட்டத்தில், ஓசூரிலிருந்து கர்நாடகத்தின் மாலூர் நோக்கிச் செல்லும் சாலையில் 12 கி.மீ. அளவில் அமைந்த ஊர் பாகலூர். சர்ஜாபூருக்கும் பேரிகைக்கும் இங்கிருந்தே சாலைகள் பிரிகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடையில் ஒலிக்கும் ஊர் இது. ரோஜாத் தோட்டங்களுக்கும் காய்கறி வயல்களுக்கும் நடுவே, விடியற்காலை 5 மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சோற்றுப் பையுமாகப் பெண்கள் சாலையோரம் நிற்பதை இங்கு நாள்தோறும் காணலாம். அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஊர்ப்பெயர் இராது. ஆலையின் பெயரோ தட எண்ணோ எழுதிய சிறு அட்டை ஒன்று முன்கண்ணாடியில் செருகப்பட்டிருக்கும். ஊரார் அதனைக் ‘கம்பெனி பஸ்’ என்பர். இக்கட்டுரையில் அது ஆலைப் பேருந்து எனப்படுகிறது.

இக்கட்டுரைக்கான தூண்டுதல் ஒரு பிழையிலிருந்து வந்தது. அதனைச் சொல்லிவிடுவது நேர்மை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இயல் ஒன்றில் பேருந்து, டிராம், மின்தொடர்வண்டி இடம்பெறும் கதைகள் அனைத்தையும் ‘நகரமயமாதல்’ என்னும் ஒரே தலைப்பில் தொகுத்திருந்தேன். ஆலையொன்றில் பல்லாண்டுகள் ஷிஃப்டு வேலை பார்த்த என் தமக்கை அவ்வியலின் படியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல யாருமே வேலைக்குப் போற மாதிரி தெரியலையேடா, எல்லாரும் ஊர் சுத்திப் பாக்கற மாதிரி இருக்கு” என்றார். இயலைத் திரும்பப் படித்தபோது அவர் கூற்று சரியெனப்பட்டது. பயணியின் தனிமை, கூட்டத்தின் முகமின்மை, சாளரக் காட்சி ஆகிய அனைத்தையும் நான் விளக்கியிருந்தேன். எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எவ்வளவு கொடுத்தார், தாமதமானால் என்ன இழப்பார் என்பவை ஓரிடத்திலும் இல்லை. ஆனால் கதைகளில் அவை இருந்தன.

செலவு என்னும் சொல்

தமிழில் செலவு என்பது செல்லுதலையும் குறிக்கும், பொருள் கழிதலையும் குறிக்கும். இன்றைய வழக்கில் இரண்டாம் பொருளே நிலைத்துவிட்டது. அகப்பொருள் இலக்கணத்தில் முதற்பொருள் ஆட்சி செலுத்துகிறது. பொருள் தேடிப் பிரியும் தலைவன் புறப்பாட்டை நிறுத்தித் தயங்குவது செலவழுங்குதல். இத்தயக்கம் போகாமல் விடுவதன்று, தலைவியை ஆற்றுவித்துப் பின்னர்ப் பிரிவதற்கானது என்று தொல்காப்பியக் கற்பியல் தெளிவுபடுத்துகிறது. வாசலில் நின்று ஆறுதல் சொல்வதற்கான காலம் அம்மரபில் பயணத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டிருக்கிறது.

அன்றாடப் பணிப்பயணத்தை இக்காலப் பாலைத்திணை என்று எழுதிவிடுவது எளிது. கருத்தரங்குகளில் அவ்வாறு சொல்லிக் கைதட்டல் பெறவும் முடியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலைப் பிரிவு அரிதாக நிகழ்வது, நாள் குறித்துச் செல்வது, பருவங்கண்டு மீள்வது. பிரிபவன் ஆண், ஆற்றியிருப்பவள் பெண். பாகலூரில் பிரிபவளும் அவளே, சோறு வடித்து வைத்துவிட்டுப் போகிறவளும் அவளே. வாரந்தோறும் ஷிஃப்டு மாறுவதால் மாலை என்னும் சிறுபொழுதுக்குக்கூட நிலையான பொருள் இல்லை. ஒரு வாரம் மாலை என்பது திரும்பும் நேரம், மறுவாரம் அதுவே உறங்கும் நேரம், அதற்கடுத்த வாரம் வேலையின் நடுப்பகுதி. இங்கே செலவழுங்குதலுக்கு இடமேயில்லை. குழந்தை அழுதாலும் ஆலைப் பேருந்து இரண்டு நிமிடத்திற்குமேல் நிற்காது. ஆகவே திணை ஒப்புமையைக் கைவிட்டு, ஒரே சொல் இரு பொருளையும் தாங்கும் அந்த வழக்கை மட்டும் கருவியாகக் கொள்கிறேன். ஒவ்வொரு செல்லுகையிலும் எது கழிகிறது?

கந்தசாமிப் பிள்ளையின் கணக்கு

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943) கதையைப் பெரும்பாலான வாசிப்புகள் கடவுள் தோன்றும் இடத்திலிருந்தே தொடங்குகின்றன. கதையோ அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில் பிள்ளையவர்கள் நிற்கிறார். திருவல்லிக்கேணிக்குச் செல்லவேண்டும். டிராமில் ஏறினால் மிஞ்சும் காசில் வெற்றிலைபாக்கு வாங்கலாம். பேருந்தில் ஏறி, நடத்துநரை ஏய்த்துச் சென்ட்ரல் தாண்டிய பிறகு சீட்டு வாங்கினால் அரைக் கோப்பைக் காப்பி கிடைக்கும், வெற்றிலை போய்விடும். வீட்டுக்குத் திரும்பும் வழியை அணாக்கணக்கில் பிரித்துப் பார்க்கும் இந்தச் சிந்தனையின் நடுவேதான் கடவுள் பின்னாலிருந்து வழி கேட்கிறார்.

இத்தொடக்கத்தை நகைச்சுவைக்கான முன்னேற்பாடு என்று கடந்துவிடலாகாது. கதையின் பொருளியல் முழுதும் இங்கே வைக்கப்பட்டுவிடுகிறது. பிள்ளை சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துபவர், வரவு நிலையற்றவர். அவருக்குப் பயணம் என்பது சிக்கனம் செய்யத்தக்க ஒரே இடம். வாடகையில் மிச்சம் பிடிக்க முடியாது, அரிசியில் முடியாது, டிராமுக்கும் பேருந்துக்கும் உள்ள வேறுபாட்டில் முடியும். அந்தக் காலணா அளவே அவருடைய உரிமை. பிறகு காப்பிக் கடையில் கடவுள் நூறு ரூபாய்த் தாளை நீட்டும்போது எழும் குழப்பத்தின் கூர்மை, சற்றுமுன் நாம் கேட்ட அணாக்கணக்கினால் வருவது. அணாவில் வாழ்பவரும் நூறு ரூபாயில் வாழ்பவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள்.

சென்னையில் 1895இல் தொடங்கிய டிராம் 1953இல் நின்றுபோயிற்று. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி 1931இல் வந்துவிட்டது. கதை எழுதப்பட்டபோது நகரவாசிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்திகள் இருந்தன, அவற்றுக்குள் தெரிவும் இருந்தது. பிள்ளையின் கணக்கு அத்தெரிவினால் மட்டுமே இயல்வது. சீட்டு வாங்குகிறவருக்கு ஏய்க்கவும் வழியுண்டு, நடந்துவிடவும் வழியுண்டு. சீட்டே இல்லாத பயணத்தில் இவ்விரண்டும் இல்லை.

வராத பேருந்து

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. கற்பு, மன்னிப்பு, தாய் மகளுக்கு நீராட்டும் காட்சி ஆகியவை குறித்து எழுதப்பட்டவை ஒரு நூலகத்தை நிரப்பும். மழைபெய்யும் மாலை, பேருந்து நிறுத்தம், கல்லூரி மாணவியர் கூட்டம் ஒவ்வொருவராகக் கரைந்து இறுதியில் எஞ்சும் ஒரு பெண் ஆகியவை பின்புலம் என்றே குறிக்கப்படுகின்றன. அவளை மகிழுந்தினுள் கொண்டு சேர்ப்பது எது? ஆசையா, அறியாமையா என்று வாதிட்டவர்கள், உரிய நேரத்தில் வராத பேருந்தைக் கதைமாந்தராக எண்ணவில்லை. பொதுப் போக்குவரத்து விட்ட இடைவெளியில் தனியார் ஊர்தி வந்து நிற்கிறது. கட்டணம் கேட்காத அந்த ஊர்தியே கதையில் மிகுந்த விலை கொண்டது.

இதன் தொடர்ச்சியாக எழுந்து 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்கா அலுவலகம் செல்லும் பெண். சிறுகதையில் தாய் கழுவி ஏற்றுக்கொண்டது நாவலில் நிகழவில்லை. அதற்கு மாறாக அவளுக்கு ஒரு வேலையும் அதற்குச் சென்றுவரும் நாள்களும் கிடைக்கின்றன. வேலைக்குப் போகும் பெண்ணின் தனிமை பற்றிய உரையாடல்கள் அவளை அலுவலக நாற்காலியிலும் வீட்டு அறையிலும் வைத்தே பேசுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி, அவளைத் தொடக்கத்தில் வீழ்த்திய அதே வழி, மீண்டும் மீண்டும் கடக்கப்படவேண்டியது என்பது பேசப்படுவதில்லை.

அசோகமித்திரனின் ‘காலமும் ஐந்து குழந்தைகளும்’ வேறு வகை. நேர்முகத் தேர்வுக்காக வண்டியைப் பிடிக்க ஓடுபவனின் சில நொடிகள் அங்கே கடவுளோடு பேசும் அளவுக்கு நீள்கின்றன. அக்கதையைக் காலம் பற்றிய தத்துவச் சோதனையாக வாசிப்பதில் பிழையில்லை. எனினும் நொடி அவ்வாறு நீள்வது வேலையில்லாதவனுக்கு. வண்டி தவறினால் வேலை தவறும் என்பதால் நீள்கிறது. அதைச் சொல்லாத தத்துவ வாசிப்பு அரைகுறையானது.

அந்நியமாதலுக்கு வெளியே

எஸ்.வி. ராஜதுரையின் நூல்கள் வழியாக 1970களில் இருத்தலியமும் அந்நியமாதலும் தமிழ்ச் சிந்தனைக்குள் விரிவாக நுழைந்தன. அச்சொற்கள் நமக்குத் தந்தவை பல. ஆனால் கருத்தரங்கக் கட்டுரைகளில் அந்நியமாதல் என்பது நகரத்தில் மனம் சோர்ந்திருத்தல் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ் சொல்வது அதனினும் குறிப்பானது: தொழிலாளி வேலை செய்யாதபோதுதான் தன் வீட்டில் இருப்பதாக உணர்கிறார், வேலை செய்யும்போது வீட்டில் இருப்பதாக உணர்வதில்லை. இவ்விரு நிலைகளில் பேருந்து எங்கே? அதில் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஹென்றி லெஃபெவ்ர் 1968இல் வெளியிட்ட அன்றாட வாழ்க்கை பற்றிய நூலில் இதற்கு ஒரு மூன்றாம் வகை அமைத்தார். வேலைக்கு ஒப்புக்கொடுத்த நேரம், ஓய்வு நேரம் ஆகியவற்றோடு, போக்குவரத்தும் நடைமுறைச் சடங்குகளும் விழுங்கும் கட்டாய நேரம். அவர் மனத்தில் இருந்தது பிரான்சின் நகர்ப்புற வாழ்வு. பாகலூருக்கு அவ்வகைமை பாதியளவே பொருந்தும். சீட்டு வாங்கி அரசுப் பேருந்தில் ஓசூர் செல்பவரின் நேரம் கட்டாய நேரம்தான். ஆலைப் பேருந்திலோ வழித்தடத்தையும் நிறுத்தத்தையும் புறப்பாட்டையும் முடிவு செய்வது ஆலை. கதவு மூடியதும் தொழிலாளி ஆலையின் ஒழுங்குக்குள் வந்துவிடுகிறார், ஊதியம் மட்டும் வாயிலில் அட்டையைக் காட்டிய பிறகே தொடங்குகிறது. கைக்கடிகாரம் செய்யும் பேராலை ஒன்று 1980களில் எழுந்த ஊர் ஓசூர் என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. பெண்கள் பலர் ஆலைப் பேருந்தையே விரும்புகின்றனர். இடிபடாமல் அமரலாம், இருட்டில் காத்திருக்க வேண்டியதில்லை, தெரிந்த முகங்கள், அரைத்தூக்கம், செல்பேசியில் ஒரு பாட்டு. இவை உண்மை. என் தமக்கையின் நெருங்கிய தோழியர் இருவரும் பேருந்தில் கிடைத்தவர்களே, வேலைத்தளத்தில் பேச நேரமில்லை. ஆயினும் இதைக்கொண்டு பேருந்தைப் பெண்களின் ‘விடுதலை வெளி’ என்று கொண்டாடுவது வெளியிலிருந்து பார்ப்பவரின் வசதி. அந்த அரைத்தூக்கம் வீட்டில் தூங்கியிருக்க வேண்டியது.

சிவகாசியின் முன்வரலாறு

தமிழ் எழுத்தில் ஆலைப் பேருந்து புதியதன்று. ஓசூர்ச் சிப்காட் வளாகம் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், தென்கோடியில் சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் பேருந்துகள் விடியுமுன் கிராமங்களுக்குச் சென்று குழந்தைகளை எழுப்பி ஏற்றி வந்தன. 1980களின் ஆய்வுகள் இதனைப் பதிவு செய்துள்ளன. ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக்குஞ்சுகள்’ நாவலும், சலம் பென்னூர்கர் 1990இல் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும் அக்குழந்தைகளின் உழைப்பை மையமாகக் கொண்டவை. இவற்றைக் குழந்தைத் தொழிலாளர் சிக்கல் என்னும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். அது நியாயமான அறைதான். ஆனால் குழந்தையின் வேலைநாள் ஆலை வாயிலில் தொடங்கவில்லை, உறக்கத்திலிருந்து தூக்கிவிடப்பட்ட நொடியில் தொடங்கியது என்னும் அறிவு அவ்வறைக்குள்ளேயே தங்கிவிட்டது. வயதுவந்த தொழிலாளர் பற்றிய வாசிப்புக்கு அது கடத்தப்படவில்லை.

வேறொரு முனையில் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) பணிப்பயணமே ஒழிக்கப்பட்ட நிலையைக் காட்டியது. கடையும் தங்குமிடமும் முதலாளியுடையவை. இடையில் வழி என்று ஒன்றில்லை. ஓசூர்ப் பகுதியின் மின்னணு ஆலைகள் வெளிமாவட்ட, வெளிமாநிலப் பெண்களை விடுதிகளில் தங்கவைப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆலைப் பேருந்தும் ஆலை விடுதியும் ஒரே தேவைக்கான இரு விடைகள். பேருந்தில் வருபவருக்கு வீடு எஞ்சுகிறது, அது பெரிய வேறுபாடு.

சட்டம் கேட்ட வினா

திறனாய்வு கேட்காத வினாவை நீதிமன்றங்கள் கேட்டுள்ளன. பணியிடத்தின் எல்லை வாயிலோடு முடிகிறதா, வழிக்கும் நீள்கிறதா? 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சௌராஷ்டிர உப்பள வழக்கில், வேலை முடிந்து கழிமுகத்தைப் படகில் கடந்தபோது தொழிலாளர்கள் மூழ்கி இறந்தனர். படகு பொதுமக்களும் பயன்படுத்தியது என்பதால் அது பணியின் நீட்சியன்று எனத் தீர்ப்பாயிற்று. 1963இல் பம்பாய்ப் பெஸ்ட் நிறுவன ஓட்டுநர் ஒருவர் வேலை முடிந்து அதே நிறுவனப் பேருந்தில் வீடு திரும்புகையில் விபத்தில் இறந்த வழக்கில், அப்பயணம் பணியின் பகுதியே என்றது நீதிமன்றம். ஊர்தி யாருடையது என்பது இரு தீர்ப்புகளுக்கும் இடையிலான முதன்மை வேறுபாடு. 1996இல் மிதிவண்டியில் ஆலைக்கு வந்த தொழிலாளி வழியில் அடிபட்ட வழக்கில் மீண்டும் இல்லை என்ற விடை வந்தது. 2010இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பணியோடு தொடர்பு நிறுவப்படுமாயின் வீட்டுக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட விபத்தும் பணிக்காயமாகக் கருதப்படும் நிலை ஏற்பட்டது.

பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு தீர்ப்பு முதன்மையானது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களின் இரவுப்பணிக்குத் தடை விதித்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அத்தடையை நீக்கியபோது விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் போக்குவரத்து. பாகலூர்ச் சாலையில் நள்ளிரவில் திரும்பும் பேருந்துக்குப் பின்னால் அந்த நிபந்தனையும் இருக்கிறது. பேருந்து, பெண்ணின் உரிமைக்கான முன்விதியாகவும் இரவுப்பணிக்கான கருவியாகவும் ஒருங்கே வந்தது. ‘அக்கினிப் பிரவேச’த்து நிறுத்தத்தையும் இந்தத் தீர்ப்பையும் அருகருகே வைத்து வாசிக்கும் கட்டுரை தமிழுக்குத் தேவை. அக்கதையின் பெண்ணுக்கு வராத பேருந்து இவர்களுக்கு வருகிறது. வந்து எங்கே கொண்டுசெல்கிறது என்பது அடுத்த வினா.

எல்லையில் முடியும் இலவசம்

பாகலூரில் எல்லாப் பெண்களுக்கும் ஆலைப் பேருந்து இல்லை. சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வீட்டுவேலைக்கும் செல்பவர்கள் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமின்றி ஓசூர் செல்கின்றனர். கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் சக்தித் திட்டம் அம்மாநிலப் பெண்களுக்கு அதே வசதியைத் தருகிறது. சர்ஜாபூருக்கோ அத்திப்பள்ளி கடந்து பொம்மசந்திராவுக்கோ செல்லும் பாகலூர்ப் பெண்ணுக்கு இரண்டும் முழுமையாக உதவா. ஒன்று ஜூஜூவாடியில் நின்றுவிடும், மற்றது அவர் கையிலுள்ள ஆதார் அட்டையைக் கண்டு நின்றுவிடும். எல்லைக்கு அப்பால் அவர் மீண்டும் கந்தசாமிப் பிள்ளையின் கணக்குக்குத் திரும்புகிறார்: ஷேர் ஆட்டோவா, பேருந்தா, கடைசி ஒரு கிலோமீட்டர் நடையா.

கட்டணமில்லாத நகரப் பேருந்திலும் நடத்துநர் ஒரு சீட்டு கிழித்துத் தருகிறார் என்பதைத் திறனாய்வாளர் கவனிக்க வேண்டும். அதில் தொகை இல்லை, பயணம் மட்டும் பதிவாகிறது. ஆலைப் பேருந்தில் அத்தகைய சீட்டும் இல்லை. கட்டணத்தை ஆலை ஏற்பதால், செல்லுகையில் கழிவது நேரம் மட்டுமே ஆகிறது. அதற்கு எந்தத் தாளும் சான்றில்லை. கதைசொல்லலின் சிக்கலும் இங்கேதான் எனக் கருதுகிறேன். டிராம் பயணி கணக்கிட்டார், கணக்கிலிருந்து கதை பிறந்தது. ஆலைப் பேருந்தில் தெரிவு இல்லாததால் அவ்வகைக் கதைத் தொடக்கம் இயலாது. அதற்குரிய வடிவம் எது என்பதை எழுதுவோர் காணட்டும். ஓசூரில் வாழ்ந்து எழுதிவரும் பா. வெங்கடேசன், ஆதவன் தீட்சண்யா போன்றோரால் இப்பகுதி இலக்கிய வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டது. என் வினா எழுத்தாளரை நோக்கியதன்று, அவர்கள் எழுதுவதை எந்தத் தலைப்பில் அடுக்குகிறோம் என்பதை நோக்கியது.

திருத்திய இயலில் இக்கதைகளை ‘வேலைநாள்’ என்னும் தலைப்புக்கு மாற்றியுள்ளேன். நெறியாளர் அது இலக்கியத் தலைப்பாக இல்லை என்றார், வாதம் நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் தமக்கையிடம் ஒரு வாரத்துக்கு அவர் ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் குறித்துத் தரக் கேட்டேன். அவர் பழைய ஊதியச் சீட்டுகளின் பின்புறத்தில் எழுதித் தந்தார். முன்புறத்தில் அச்சாகியிருந்த மணிகளையும் பின்புறத்தில் பேனாவால் எழுதியிருந்த மணிகளையும் ஒரே பக்கத்தில் கூட்ட முடியாமல், தாளைத் திருப்பித் திருப்பி எண்ணவேண்டியிருந்தது.